வேல்ஸ், வலோனியா, வலாக்கியா: மூன்றும் ஒரே சொல்

ஸ்வீடனின் தெற்கு ஓரத்தில் பிளேகிங்கே என்று ஒரு பகுதி. அதன் கரையை ஒட்டிய ஷூர்க்கோ தீவில் 1817இல் தங்கப் பதக்கம் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த மெல்லிய தகடு, மேலே கோத்துத் தொங்கவிட ஒரு வளையம். நம் வீடுகளில் செயினில் போடும் டாலர் மாதிரிதான். (அந்த ‘டாலர்’ என்ற சொல்லும் ஜெர்மன் மொழியில் பிறந்ததே, அது வேறு கதை.) ரோமப் பேரரசர்களின் தலை பொறித்த காசுகளையும் பதக்கங்களையும் பார்த்து வடக்கத்திப் பொற்கொல்லர்கள் தங்கள் கைவழக்கில் செய்துகொண்ட நகை இது. நாலுகால் விலங்கொன்று, அதன் மேல் உடம்பே இல்லாமல் ஒரு பெரிய தலை. ஓரத்தில் ரூன் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்துகளில் ஒரு வரி ஓடுகிறது: குனிமுண்டுஸுக்காக ஹெல்டஸ் இந்த ‘வல்ஹகுர்னே’யில் ரூன்களைப் பொறித்தான்.

‘குர்னே’ என்றால் தானியம். ஆங்கிலத்தின் ‘கார்ன்’ அதன் உறவுதான். முன்பாதியான ‘வல்ஹ’தான் நம் விஷயம். ‘வல்ஹர்களின் தானியம்’ என்று விடுகதை போலச் சொன்னது தங்கத்தை. வல்ஹர் யார்? தங்கம் யாரிடமிருந்து வந்ததோ அவர்கள், அதாவது ரோமானியர். பதக்கத்துக்கு ஏறத்தாழ 1500 வயது. இந்தச் சொல் எழுத்தில் அகப்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் போன்றவற்றுக்குத் தாயான மூல ஜெர்மானிய மொழியில் இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கிய வடிவம் ‘வல்ஹஸ்’. அதன் வாரிசுகளை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் பிரிட்டனின் மேற்கே வேல்ஸும் கார்ன்வாலும், பெல்ஜியத்தில் வலோனியா, சுவிட்சர்லாந்தில் வாலன் ஏரி, பவேரியாவில் வால்ஹன் ஏரி, ருமேனியாவில் வலாக்கியா என்று ஐரோப்பாவின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. அகராதிகள் பெரும்பாலும் இதற்கு ‘அந்நியன்’ என்று பொருள் தந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது பாதி உண்மை. எந்த அந்நியன் என்பதுதான் கேள்வி.

முதலில் சொல்லின் பிறப்பு. கி.மு. முதல் நூற்றாண்டில் காலியாவில் (ஏறத்தாழ இன்றைய பிரான்ஸ்) நடத்திய போர்களைப் பற்றி எழுதிய ஜூலியஸ் சீசர், ரைன் ஆற்றுக்குக் கிழக்கே ஹெர்கினியக் காட்டையொட்டிய மிகச் செழிப்பான நிலங்களைப் பிடித்து வாழ்ந்த ஒரு கெல்ட்டிய (இன்றைய வெல்ஷ், ஐரிஷ் மொழிகளின் குடும்பத்து மொழி பேசிய) இனக்குழுவைக் குறிப்பிடுகிறார். பெயர் வொல்க்கே. இதே பெயர்க்காரர்கள் இன்றைய தென் பிரான்சில் துலூஸ், நீம் நகரங்களைச் சுற்றியும் இருந்தார்கள். அவர்களில் ஒரு கிளை துருக்கிவரை போய் இன்றைய அங்காராவின் பக்கம் குடியேறியது. ஜெர்மானியருக்குத் தெற்கே பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த வொல்க்கேக்களின் பெயர்தான் முதலில் எல்லாக் கெல்ட்டியருக்கும் பொதுப்பெயராயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஒரு குழுவின் பெயர் ஓர் இனத்துக்கே பெயராவது நமக்குப் புதிதல்ல. கிரேக்கர்களில் ஒரு பிரிவினரான அயோனியரின் பெயர்தான் இங்கே யவனர் ஆகி, கிரேக்கர் ரோமானியர் எல்லாரையும் குறித்து, பிறகு சோனகர் என்று அரபு வணிகர் வழிவந்த முஸ்லிம்களின் பெயராகவும் ஆனது.

சரி, ‘வொல்க்’ எப்படி ‘வல்ஹ்’ ஆனது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. லத்தீனில் சொல்லின் முதலில் ‘க’ வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ வரும். கொம்புக்கு லத்தீனில் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். நூறுக்குக் கென்டும், ஹண்ட்ரட். இதயத்துக்குக் கோர், ஹார்ட். சொல்லின் நடுவிலும் இப்படியே. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் இந்த ஒழுங்கை 1818இல் எடுத்துக்காட்டினார். யாக்கோப் கிரிம் 1822இல் அதை விரித்து வகுத்தார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். ‘ஒ’ ஒலி ‘அ’ ஆவதும் இன்னொரு ஒழுங்கு: எட்டுக்கு லத்தீனில் ஒக்டோ, ஜெர்மனில் அஹ்ட். இந்த இரண்டு மாற்றங்களையும் வொல்க்கே மேல் செலுத்தினால் வல்ஹ் கையில் வருகிறது.

இதனால் என்ன தெரிகிறது? காலம் தெரிகிறது. ‘க’ ‘ஹ’ ஆகும் மாற்றம் நடந்து முடிந்த பிறகு கடன் வாங்கிய சொற்களில் ‘க’ அப்படியே நிற்கும். சீசரின் பெயரே சாட்சி. லத்தீனில் அதன் உச்சரிப்பு ‘கைசர்’. ஜெர்மன் மொழி அதைப் பேரரசன் என்ற பொருளில் வாங்கியபோது ‘ஹைசர்’ ஆகவில்லை, கைசராகவே இருந்துவிட்டது. ஆகவே வொல்க்கேக்களின் பெயரை ஜெர்மானியர் அறிந்தது சீசருக்கு வெகு முன்னால். ஒரு எழுத்துகூட எழுதி வைக்காத மக்கள் யாரோடு எப்போது பழகினார்கள் என்பதற்கு இப்படி ஒரு மெய்யெழுத்து சாட்சி சொல்வதுதான் சொற்பிறப்பியலில் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் காலத்தில் கெல்ட்டியர் இளைத்தவர்களும் அல்ல. அரசு, பேரரசு என்று பொருள்படும் ஜெர்மன் ‘ரைஷ்’ கெல்ட்டியரிடமிருந்து வாங்கிய சொல்தான். ஆளத் தெரிந்தவர்களிடமிருந்துதான் ஆட்சிக்கான சொல்லை வாங்குவார்கள்.

பிறகு உலகம் மாறியது. கி.மு. 50 வாக்கில் காலியா முழுவதும் ரோமின் கைக்குள் வந்தது. அடுத்த சில நூற்றாண்டுகளில் அங்கிருந்த கெல்ட்டியர் தங்கள் மொழியை விட்டு லத்தீன் பேசத் தொடங்கினார்கள். ரைனுக்குக் கிழக்கே இருந்த ஜெர்மானியர் அவர்களுக்கு வைத்த பெயரை மாற்றவில்லை. அதே இடம், அதே ஆட்கள், அதே பெயர். மொழி மட்டும் வேறு. இப்படித்தான் ‘கெல்ட்டியன்’ என்ற பொருள் சத்தமில்லாமல் ‘லத்தீன் பேசுபவன், ரோமானியன்’ என்று நழுவியது.

இந்த நழுவலைக் கண்ணால் பார்க்க ஒரு கைப்பிரதி இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியாவில் எழுதப்பட்டு இன்று காசல் நகரில் இருக்கும் லத்தீன்–ஜெர்மன் சொற்பட்டியல் அது. வெளியூர் போகிறவர்கள் வைத்துக்கொள்ளும் ‘முப்பது நாளில்’ வகைப் புத்தகம் போல, ‘என் முடியை வெட்டு’, ‘என் தாடியை மழி’ என்றெல்லாம் அதில் வாசகங்கள் உண்டு. நடுவே எழுதியவர் தன் மனதையும் இறக்கி வைக்கிறார். லத்தீனில்: ரோமானியர் முட்டாள்கள், பவேரியர் அறிவாளிகள். பக்கத்தில் ஜெர்மனில்: ‘தோலே சிந்த் வல்ஹா, ஸ்பாஹே சிந்த் பைகிரா’. லத்தீனில் ‘ரோமானி’ நிற்கும் இடத்தில் ஜெர்மனில் ‘வல்ஹா’. இதைவிடத் தெளிவான அகராதிப் பொருள் வேண்டியதில்லை.

கிழக்கே இருந்த ஸ்லாவியரும் ஜெர்மானியருக்கு அந்நியர்தான், அவர்கள் மொழியும் புரியாததுதான். ஆனால் அவர்களுக்கு ‘வெண்ட்’ என்று தனிப் பெயர். வடக்கே இருந்தவர்கள் ஃபின். யாருக்கும் ‘வல்ஹ்’ பட்டம் இல்லை. ரோமின் கொடி பறந்த, அல்லது பறந்து இறங்கிய நிலத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது. அதனால்தான் இந்தச் சொல்லின் வாரிசுகள் ரோமப் பேரரசின் பழைய எல்லையோரமாகவே முளைத்திருக்கின்றன. ‘அந்நியன்’ என்ற அகராதிப் பொருள் போதாது என்று நான் சொல்வது இதனால்.

எதிர்ச்சொல்லும் உடனிருந்தது. ‘தியோடிஸ்க்’ என்றால் ‘மக்களுடைய’, அதாவது நம் சனங்கள் பேசுகிற மொழி. இது லத்தீன் உருவில் முதன்முதலில் 786இல் எழுத்தில் வருகிறது, அதுவும் இங்கிலாந்தில் நடந்த திருச்சபைக் கூட்டம் ஒன்றைப் பற்றிய அறிக்கையில். ஜெர்மானியரின் ‘டாய்ச்’, ஆங்கிலத்தின் ‘டச்’, இத்தாலியரின் ‘தெதெஸ்கோ’ எல்லாம் இதன் வாரிசுகள். நாம் ஒரு பக்கம், வல்ஹர் ஒரு பக்கம். இடைக்கால ஜெர்மானியன் மேற்கையும் தெற்கையும் பார்த்த பார்வை அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கதை கடுமையாகிறது. 5ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஆங்கிலோ-சாக்சன்கள், ஏறத்தாழ நானூறு ஆண்டு ரோம மாகாணமாக இருந்த நிலத்தின் பழங்குடிகளைக் கண்டதும் கையோடு கொண்டுவந்த பெயரை ஒட்டினார்கள்: வெயால்ஹ், பன்மையில் வெயாலஸ். பிரிட்டானியர் பெரும்பாலும் தங்கள் கெல்ட்டிய மொழியைத்தான் பேசினார்கள். ஆனாலும் ரோமின் பழைய குடிகள், அது போதும்.

அவர்களின் நிலை என்ன என்பதை தென் இங்கிலாந்தின் வெஸ்செக்ஸ் நாட்டு அரசன் இனே 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயற்றிய சட்டங்களில் படிக்கலாம். ஒருவரைக் கொன்றால் அவர் உறவினருக்குக் கட்ட வேண்டிய உயிர்விலை அதில் எழுதியிருக்கிறது. சாதாரண ஆங்கிலக் குடியானவனுக்கு 200 ஷில்லிங். ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலம் உள்ள வெயால்ஹுக்கு 120. அதில் பாதி நிலம் என்றால் 80. நிலமே இல்லாவிட்டால் 60. அரசனுக்காகக் குதிரையில் செய்தி கொண்டுபோகும் வெயால்ஹுக்கு மட்டும் 200 என்று சலுகை. இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு நிலம் இருந்தது, சட்டத்தில் இடம் இருந்தது, விரட்டியடிக்கப்பட்டவர்கள் அல்ல. ஆனால் உயிரின் விலை பாதியை ஒட்டித்தான். அடுத்த நூற்றாண்டுகளில் வெஸ்செக்ஸ் பக்கத்து எழுத்துகளில் வெயால்ஹ் என்றாலே அடிமை என்று பொருள் வந்துவிடுகிறது. அதே வேரிலிருந்து ‘வில்ன்’ அடிமைப்பெண் ஆகிறாள். ஓர் இனப்பெயர் தொழிற்பெயராகி, பிறகு இழிபெயராகும் இந்தப் பாதையை நாமும் பார்த்தவர்கள்தானே.

வெயாலஸ்தான் இன்றைய ‘வேல்ஸ்’. மக்களின் பன்மைப் பெயர் நாட்டின் பெயராகிவிட்டது. ‘வெல்ஷ்’ அதன் பெயரடை. கார்ன்வாலின் பின்பாதியும் வெயாலஸ்தான். இங்கிலாந்துக்குள்ளேயே லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலஸி, லண்டனின் வால்வொர்த் போன்ற ஊர்ப்பெயர்கள் பிரிட்டானியர் தொடர்ந்து வாழ்ந்த திட்டுகளைக் காட்டுகின்றன. ‘வால்’ என்று தொடங்கும் எல்லா ஊரும் இதில் சேராது. சிலவற்றில் இருப்பது சுவர், சிலவற்றில் காடு.

அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் வேறு. ‘கம்ரி’. ஒரே நாட்டவர், கூட வாழ்பவர் என்று பொருள்படும் பழைய கெல்ட்டியச் சொல்லிலிருந்து வந்தது. நாட்டின் பெயரும் அதே ஒலிதான், எழுதும்போது மட்டும் வேறு. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவும் இதிலிருந்துதான். சொந்த நாட்டிலேயே அவர்களுக்கு அந்நியர் என்று பெயர் வைத்தது வந்தேறிகள் என்ற முரணை வேல்ஸ் மக்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். 2022இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா எரிரி என்றும், 2023இல் பிரெக்கன் பீக்கன்ஸ் பூங்கா பன்னாய் பிரகைனியோக் என்றும் தங்கள் வெல்ஷ் பெயர்களையே முன்வைக்க முடிவெடுத்ததன் பின்னால் இந்த நீண்ட மனக்குறையும் இருக்கிறது. பந்தயத்தில் தோற்றுப் பணம் கொடுக்காமல் நழுவுவதை ஆங்கிலேயர் ‘வெல்ஷ்’ செய்வது என்றார்கள். ரொட்டியில் பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றி அதை ‘வெல்ஷ் முயல்’ என்று கேலி செய்தார்கள். முயல் வாங்க வக்கில்லாதவன் சாப்பாடு என்பது உட்பொருள்.

குடும்பப்பெயர்களில் விதி இன்னும் விளையாடுகிறது. ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டு 1305இல் லண்டனில் கொல்லப்பட்ட ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ். அந்த ‘வாலஸ்’ வெல்ஷ்காரன், பிரிட்டானியன் என்பதன் நார்மன் வடிவம். ஐரிஷ்காரர்களில் மிகப் பரவலான ‘வால்ஷ்’ 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் வழியாக அயர்லாந்துக்குப் படையோடு போனவர்களின் அடையாளம். படையெடுத்து வந்தவர்களின் பெயர் இன்று அசல் ஐரிஷ் பெயராகக் கேட்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் வேல்ஸை ‘கால்’ என்பார்கள். ஜெர்மானியச் சொற்களின் ‘வ’ பிரெஞ்சில் ‘க’ ஆகும்: வில்ஹெல்ம் அங்கே கீயோம். ஆக ‘கால்’ என்பதும் வெயாலஸ்தான். தங்கள் மூதாதையர் நாட்டைப் பிரெஞ்சுக்காரர் ‘கோல்’ என்கிறார்களே, அது லத்தீன் ‘காலியா’விலிருந்து நேராக வந்திருக்க முடியாது. லத்தீனில் ‘க’வில் தொடங்கும் இத்தகைய சொல் பிரெஞ்சில் ‘ஜ’ என்று மென்மையாகியிருக்க வேண்டும். காலியாவைப் பிடித்த ஜெர்மானியரான பிராங்குகள் ‘வல்ஹர் நாடு’ என்று சொன்னதுதான் கோல் ஆனது என்பதே மொழியியலாளர்களின் விளக்கம். பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் மூதாதையரான கோல்கள்’ என்று பல தலைமுறைகள் படித்தது ஜெர்மானியர் ஒட்டிய பெயரை.

ஜெர்மன் பேசும் நாடுகளில் இது ‘வெல்ஷ்’ என்றே ஒலிக்கும், பொருள்தான் வேறு: இத்தாலியன், பிரெஞ்சுக்காரன், பொதுவில் லத்தீன் வழி மொழி பேசுகிறவன். ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டுத் தேசியவாதிகள் பிரெஞ்சு வெறுப்பைக் கக்க இதைப் பயன்படுத்தியதால் அங்கே இன்று யாரும் எளிதில் சொல்வதில்லை. சுவிட்சர்லாந்தில் நிலைமை இலகு. பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதி ஜெர்மன் பேசுபவர்களுக்கு வெல்ஷ்லாந்து. பள்ளிப் படிப்பு முடிந்த பெண்பிள்ளைகளை ஒரு வருஷம் அங்கே ஒரு வீட்டில் தங்கவைத்து, வீட்டுவேலைக்கு உதவியபடி பிரெஞ்சு கற்கச் செய்யும் வழக்கம் ‘வெல்ஷ்லாந்து வருஷம்’ என்றே பெயர் பெற்றது. புரியாத பேச்சு ‘கௌடர்வெல்ஷ்’. கிழக்கு சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்துப் பக்கத்து மலைவாசிகள் பேசும், லத்தீன் வழி வந்த ரோமான்ஷ் மொழியைக் கேலி செய்ததில் பிறந்தது இது என்பார்கள். திருடர், நாடோடிகளின் மறைமொழி ‘ரோட்வெல்ஷ்’. ஸ்வீடன்வரை போய் அங்கே ‘ரோட்வெல்ஸ்கா’ என்றால் வெறும் உளறல்.

சமையலறையிலும் புகுந்தது. தெற்கிலிருந்து வந்ததெல்லாம் வெல்ஷ்: சோளம் வெல்ஷ் தானியம், வான்கோழி வெல்ஷ் சேவல். இரண்டுமே அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பது பற்றி யாருக்கும் கவலையில்லை. எல்லாவற்றிலும் நிலைத்தது வால்நட். வடக்கத்தியருக்குச் சொந்தக் கொட்டை ஹேசல்நட். ஆகவே காலியா, இத்தாலிப் பக்கமிருந்து வந்தது வல்ஹர் கொட்டை. லத்தீனிலும் அதற்குக் ‘காலியக் கொட்டை’ என்று ஒரு பெயர் இருந்தது. மரத்தின் பூர்வீகம் என்னவோ மத்திய ஆசியா. போலந்துக்காரர்கள் இதை ‘வ்வோஸ்கி’ கொட்டை என்கிறார்கள், இத்தாலியக் கொட்டை என்று பொருள். அந்த ‘வ்வோஸ்கி’யும் நம் சொல்லே.

எப்படி என்றால், ஜெர்மானியரிடமிருந்து ஸ்லாவியர் இதைக் கடன் வாங்கினார்கள். தெற்கு ஸ்லாவியரிடம் ‘விளாஹ்’ ஆகி, பால்கன் மலைகளில் லத்தீன் வழி மொழி பேசிய இடையர்களுக்குப் பெயராயிற்று. போலந்தில் இத்தாலி நாட்டுக்கே ‘வ்வோஹி’ என்று பெயர். டிராகுலா கதையோடு பெயர் பிணைந்துபோன விளாட் 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட வலாக்கியா, விளாஹ்களின் நாடு. கிரேக்கத்தில் ‘விளாஹோஸ்’ என்றால் மலையிடையன், கொஞ்சம் இளக்காரமாகப் பட்டிக்காட்டான். டால்மேஷியக் கடற்கரை நகரத்தார் உள்நாட்டுக்காரர்களை, அவர்கள் ஸ்லாவிய மொழியே பேசினாலும், இந்தப் பெயரால் குத்துவார்கள். ரோமின் தொடர்பு அறுந்து வெறும் வசவாக மிஞ்சியது இங்கேதான்.

பெல்ஜியத்தின் வலோன்கள் மட்டும் விதிவிலக்கு. டச்சு பேசும் அண்டை வீட்டார் வைத்த பெயரைத் தாங்களே பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ‘வலோனி’ என்று தங்கள் நிலத்துக்கே சூட்டிக்கொண்டார்கள். இன்று அது ஓர் அரசியல் பிரதேசம், அதற்குச் சொந்தமாக நாடாளுமன்றம் உண்டு.

மற்ற இடங்களில் உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் பிடிபடும். ஜெர்மானியன் வெல்ஷ்லாந்து என்றால் அங்கிருப்பவர் ரோமாந்தி என்கிறார். அவன் கூர்வெல்ஷ் என்ற மொழியைப் பேசுபவர் ரோமான்ஷ் என்கிறார். உலகம் வலாக்கியா என்றதை அந்நாட்டார் ‘ட்சாரா ரொமனியாஸ்கா’, ரோமானியர் நாடு, என்றார்கள். மூன்று இடத்திலும் உள்ளே இருப்பவர் பெயரில் ரோம் இருக்கிறது, வெளியே இருப்பவர் வாயில் வல்ஹ் இருக்கிறது. வெறும் ‘அந்நியன்’ என்றால் இப்படி இடத்துக்கு இடம் பொருந்தி வராது.

ஒலி ஒத்திருப்பதால் இந்தக் குடும்பத்தில் நுழையப் பார்க்கும் சொற்களும் உண்டு. நார்ஸ் புராணத்தின் வல்ஹல்லாவில் இருப்பது போரில் மாண்டோரைக் குறிக்கும் வேறு ‘வல்’. சுவிஸ் மாநிலம் வாலிஸ் லத்தீனின் பள்ளத்தாக்கு. வால்டர் என்ற பெயரில் இருப்பது ஆளுகை. ரஷ்யாவின் வோல்கா ஆற்றுக்கும் வொல்க்கேக்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஹங்கேரியர் ஸ்லாவியரிடமிருந்து இதே சொல்லை வாங்கி இரண்டாக ஆக்கிக்கொண்டார்கள். ‘ஓலஸ்’ என்றால் இத்தாலியன். ‘ஓலா’ என்றால் ருமேனியன். முதலாவது இன்றும் சாதாரணச் சொல், செய்தித்தாளில் தினமும் வரும். இரண்டாவது அவமதிப்பாகிவிட்டதால் அந்த இடத்தில் ‘ரோமான்’ வந்துவிட்டது. ஓலா இப்போது பெரும்பாலும் குடும்பப்பெயராக வாழ்கிறது. 1994இல் வேதியியல் நோபல் பெற்ற, புடாபெஸ்ட்டில் பிறந்த ஜார்ஜ் ஓலாவும், இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தனியாகக் கண்டடைந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் சொல்லின் வேரில் ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள்.